மரை

திருச்செங்கோடு, சங்ககிரி ரோடு.
ரிக் வண்டி உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் நாங்கள்.
மூன்று கணினி, ஒரு ஸ்கேனர்.
கீழே லேத் ஓடும்போதெல்லாம்
டீ டம்ளருக்குள் ஒரு வட்டம் நடுங்கும்.

அச்சுப் புத்தகத்தை மின்னூலாக்குவது தொழில்.
ஒரே புத்தகத்தை நான்கு முறை:
இந்தக் கருவிக்கு, அந்தக் கடைக்கு,
மூன்று வருஷம் முன்னால் விற்ற கருவிக்குத் தனியாக,
போனில் படிப்பவர்களுக்கு வேறாக.
நான்கிலும் வெவ்வேறு பக்கத்தில் உடையும் ஒரு 'கொ'.
கொம்பு இந்த வரியில் நிற்க
துணைக்கால் அடுத்த வரியில்
புள்ளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியே கிடக்கும்.

போன மாதம் பொங்கியண்ணனின் புத்தகம்.
இருபத்தாறு வருஷம் டிரில்லர்.
குல்பர்கா, ஜபல்பூர், பெயர் மறந்துபோன ஒரு மேட்டுக்காடு.
அத்தியாயத் தலைப்பெல்லாம் அடிக்கணக்கு.
'முந்நூற்றுப் பத்து: புகை மட்டும்.'
'எழுநூற்று நாற்பது: ஈரமண், பிறகு பொய்.'
தலைப்புகளை நான் பெரிதாக்கினேன், தடிமனாக்கினேன்.
தலைப்பு என்று குறிக்கவில்லை.
கண்ணுக்கு அது போதும்.

திலகேஸ்வரி கண்ணால் படிப்பவரல்ல.
பள்ளிபாளையத்தில் வங்கி வேலை;
போன் வாசித்துக்காட்ட, காதால் படிப்பவர்.
'ஏனுங்க,
எழுநூத்தி நாப்பதுக்குப் போகோணும்னா
மேல இருந்து மொத்தமும் நானே தோண்டோணுங்களா?
அப்பறம், அடிக்குறிப்பக் கதைக்கு நடுவுல படிக்குதுங்க.
கம்ப்ரஸர் ஓடீட்டிருக்கறப்ப
திடீர்னு ஒரு பதிப்பகத்து விலாசம்.'

சிரித்துவிட்டு வைத்தேன்.
அப்புறம் சிரிக்க முடியவில்லை.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பத்தி.
நான்கு முறை மாற்றியும் ஒருமுறைகூடப் படிக்காதது:
'பக்கத்து வண்டியில் கடன் வாங்கிய ராடு.
அந்தக் கம்பெனிக்காரன் தனக்கென்று வெட்டிய மரை.
அரைச்சுற்று ஏறியது. ஏறிவிட்டது என்று நினைத்தோம்.
ஐந்நூறு அடிக்குக் கீழே இன்னும் கிடக்கிறது,
அதற்கு மேலிருந்த என் நாலு மாதச் சம்பளமும்.'

அன்று இரவு லேத் நின்றபின்
கோப்பின் வால் எழுத்துகளை மாற்றிப் பார்த்தேன்.
புத்தகம் ஒரு டிரங்குப் பெட்டியாகத் திறந்துகொண்டது.
உள்ளே மாயம் ஏதுமில்லை.
வலைப்பக்கங்கள்.
பத்தி, தலைப்பு, இணைப்பு;
எந்த உலாவிக்கும் தெரிந்த, யாருக்கும் சொந்தமில்லாத குறிகள்.
அதன்மேல் கருவிக்கொரு சட்டையாக
மாட்டி வைத்திருந்தது நாங்கள்தான்.

ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.
தலைப்பைத் தலைப்பென்றேன்.
அடிக்குறிப்பை அதன் இடத்துக்கு அனுப்பினேன்.
முதல் வரியில் 'மொழி: தமிழ்' என்று குறித்தேன்.
அதுவரை அந்தப் புத்தகம்
தான் எந்த மொழியென்று எந்தக் கருவியிடமும் சொன்னதில்லை.

காலையில் நவமணியக்கா கேட்டார்:
'நாலு கோப்புக்கு நாலு பில்லு. இப்ப ஒண்ணா?'
ஆமாங்க்கா.
'மூணு பில்லு போச்சு.'
ஆமாங்க்கா.
விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு
வேறெதுவும் சொல்லாமல் கணக்கு நோட்டைத் திறந்தார்.

ஒரு கடை மட்டும் புதுக்கோப்பை வாங்க மறுக்கிறது.
பிழை எண் தருகிறது, காரணம் தருவதில்லை.
அவர்களுக்கு மட்டும் பழைய சட்டையைப் போட்டு அனுப்பினோம்.
ஆக, இரண்டு பில்.

திலகேஸ்வரி மறுபடி அழைத்தார்.
பின்னால் வாசிக்கும் குரல், இந்தமுறை தமிழ்க்குரல்.
தட்டுகிறார்: முந்நூற்றுப் பத்து.
தட்டுகிறார்: ஐந்நூற்றெண்பது.
தட்டுகிறார்: எழுநூற்று நாற்பது, ஈரமண், பிறகு பொய்.
'அட, தாவுதுங்க!
சரி, தண்ணி எந்த அத்தியாயத்துலீங்க?'

சொல்லமாட்டேன் என்றேன்.
கீழே லேத் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது.